ஜே போட்டு எழுதினாலும் அது ‘யா’ தான்

தென்னாப்பிரிக்காவுல டர்பனுக்கு வந்து தங்குற நம்மாளு வாயில முதல்ல ஒட்டிக்கிற லோக்கல் வார்த்தை ‘யா’. ஆமாங்கிறதுக்கு இங்க பேசுற ஆப்பிரிகான்ஸ் மொழியில சொல்றது. இங்கிலீஷ்ல எழுதினா ஜே, ஏ, ரெண்டே எழுத்து. 1652ல கேப் பக்கம் வந்து இறங்கின டச்சுக்காரங்க பேச்சுல இருந்து வந்தது, ஜெர்மன்லயும் இதே தான், ஆனா இங்க ஆப்பிரிகான்ஸ் ஒரு வரி தெரியாதவங்க கூட இங்கிலீஷ் பேசுறப்போ நடுநடுவுல யா யா-ன்னு போட்டுக்கிட்டே தான் இருப்பாங்க. ‘யா நியெ’ன்னு இன்னொண்ணு இருக்கு, நேரா பார்த்தா ஆமா-இல்ல, ஆனா அர்த்தம் ‘என்னத்த சொல்றது, அப்படித்தான்’ங்கிற பெருமூச்சு.

எனக்கு இதுல ஒரே தொல்லை என்னன்னா ஊருக்கு ஃபோன் பண்றப்போ பழக்கத்துல யா-ன்னு வந்துடும், உடனே அம்மா ‘யாரப் பாத்துடா யா போடுற’ன்னு ஆரம்பிச்சிடுவாங்க.

தமிழ்லயும் யா தனி வார்த்தை தான் தெரியுமா? நன்னூல் சொல்ற 42 ஓரெழுத்துச் சொல்லுல யகர வரிசைக்கு இது ஒண்ணே ஒண்ணு. யான்னா ஒரு மரம். குறுந்தொகை 37ல பிடியோட பசியத் தீர்க்க ஆண் யானை பட்டைய உரிச்சுக் குடுக்குமே, அந்த மரம். ரெண்டுக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல, சும்மா சத்தம் ஒத்துப்போகுது அவ்ளோதான்.

சரி, இப்போ ஸ்கிராபிள், அதாவது எழுத்துப் பலகைங்கள கட்டத்துல அடுக்கி இங்கிலீஷ் வார்த்தை கோக்கிற ஆட்டம். எந்தெந்த வார்த்தை செல்லும்னு சொல்ற காலின்ஸ் லிஸ்ட்ல ‘யா’ செல்லும், ஓகே-ங்கிற வார்த்தையே 2019ல தான் உள்ள வந்தது, நம்ம யா அதுக்கும் முன்னாடியே உள்ள உக்காந்தாச்சு. ஜே பலகை மொத்த செட்டுக்கும் ஒண்ணே ஒண்ணு, 8 பாயிண்ட், கடைசி வரைக்கும் கையில மாட்டிக்கிட்டா கழுத்தறுப்பு. ஜே வர்ற ரெண்டெழுத்து வார்த்தையே ரெண்டு தான், இது ஒண்ணு, இன்னொண்ணு ‘ஜோ’, ஸ்காட்லாந்துல காதலிய செல்லமா கூப்பிடுறது. இந்த ரெண்டையும் சேர்த்து விளையாடுறதுல தான் விஷயமே இருக்கு. வைக்கிற எழுத்தோட பாயிண்ட்ட மூணு மடங்காக்குற ட்ரிபிள் லெட்டர் கட்டம் ஒண்ணு காலியா இருந்து அதுக்கு வலப்பக்கம் ஏயும் கீழ ஓவும் இருந்தா நடுவுல ஜே ஒண்ண மட்டும் வைங்க, 24 ப்ளஸ் 1, அதுவே ரெண்டு தடவ, ஒரே பலகையில 50. கையில இருக்கிற ஏழு பலகையையும் ஒரே தடவையில இறக்கினா கிடைக்கிற போனஸே 50 தான், பாத்துக்கோங்க.

அப்புறம் ஜே, ஏ-க்குப் பின்னாடி ஒட்டுற எழுத்துங்க. ஜாம், ஜார் எல்லாருக்கும் தெரியும். எனக்குப் புடிச்சது கே ஒட்டுறது, ‘ஜாக்’, 14 பாயிண்ட், பலா. மலையாளத்து சக்க போர்ச்சுகீசுக்காரன் வாயில ஜாக்கா ஆகி இங்கிலீஷுக்குப் போனது. எதிர்ல இருக்கிறவங்க இப்படி ஒரு வார்த்தையே இல்லன்னு சாலஞ்ச் பண்ணா பண்ணிக்கட்டும், செல்லும்.