மாமனாரின் 20 ஜிபி டிஸ்க்: இதுவரை நடந்தது

மேசைமேல் மூன்று டிஸ்குகள். ஒன்று மாமனாருடைய பழைய கணினியிலிருந்து கழற்றியது, 20 ஜிபி, ஐடிஇ எனும் பழைய வகை 40 பின் இணைப்பு. அடுத்தது மைத்துனரின் கைக்கடக்கமான யூஎஸ்பி டிஸ்க். மூன்றாவது என் சொந்த நாஸ் பெட்டியில் (வீட்டு நெட்வொர்க்கில் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி) ஓடிக்கொண்டிருந்தது. இவற்றிலிருந்து கோப்புகளை மீட்ட கதைதான் இது, பெரும்பாலும் முதலாவதைப் பற்றி.

பிராண்டைச் சொல்லப்போவதில்லை, அந்த வயதில் எந்த டிஸ்க்கும் இப்படித்தான் இருக்கும். லேபிளில் சிங்கப்பூர்த் தயாரிப்பு என்று போட்டிருக்கிறது. டிஸ்க் தயாரிக்கும் சீகேட் நிறுவனம் 1982இல் இங்கே, சிங்கப்பூருக்கு, வந்தது. 90களில் உலகத்து டிஸ்குகளில் பெரும்பங்கு இந்தத் தீவிலிருந்துதான் போனது. அங் மோ கியோ பக்கம் தலைமுதல் கால்வரை வெள்ளை உடுப்புப் போட்டு ஷிப்ட் பார்த்த அத்தைமார்களை இன்றும் காப்பிக் கடையில் பார்க்கலாம். அவர்களில் ஒருவர் என்னிடம் சொன்ன ஒரே அறிவுரை: “மூடியை மட்டும் திறந்திடாதே தம்பி.” சரியான அறிவுரை. தரவு பதியும் தட்டுக்கும் அதைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் ஒரு தூசிகூட நுழைய முடியாது. வீட்டு மேசையில் திறந்தால் கதை முடிந்தது.

மாமா சமூக மன்ற மேடைக்கு நாடகம் எழுதியவர். கோயில் விழா மலர்க் கட்டுரைகள், சிறுகதைகள் எல்லாம் இந்த டிஸ்கில்தான். வீட்டு ஷெல்டரில் (பாதுகாப்புப் பதுங்கறை) அட்டைப்பெட்டிக்குள் இருபது வருடம் கிடந்திருக்கிறது. இந்த ஊர் ஈரப்பதத்துக்கு அது நல்ல இடமே இல்லை. அதனால் முதல் வேலை மின்சாரம் கொடுப்பது இல்லை, அடிப்பக்கத்துச் சர்க்யூட் போர்டைக் கழற்றிப் பார்ப்பது. டார்க்ஸ் டி8 திருப்புளி வேண்டும். ஹெட்டோடு போர்டைச் சேர்க்கும் தொடுபுள்ளிகள் கறுத்துப் போயிருந்தன. வெள்ளை ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காயவிட்டுத் திரும்பப் பூட்டினேன். உறைபெட்டியில் வைத்து எடுத்தால் உயிர் வரும் என்று இன்னும் சிலர் சொல்கிறார்கள். நம் ஊரில் உறைபெட்டியிலிருந்து எடுத்த எதன்மேலும் ஒரு நிமிடத்தில் தண்ணீர் கோத்துக்கொள்ளும். அதற்குப் பிறகு அதில் மின்சாரம் பாய்ச்சுவது எந்த வகை வைத்தியம் என்று எனக்கு விளங்கவில்லை.

மூன்றரை அங்குல டிஸ்கின் மோட்டாருக்கு 12 வோல்ட் வேண்டும், யூஎஸ்பி துளை 5 வோல்ட்தான் தரும். ஆகவே தனி மின்சாரப் பெட்டியோடு வரும் ஐடிஇ–யூஎஸ்பி அடாப்டர். மின்னணுக் கடைகள் இருக்கும் சிம் லிம் பக்கம் கேட்டபோது கடைக்காரர் சிரித்துவிட்டு மேல்தட்டிலிருந்து தேடி எடுத்துக் கொடுத்தார். டிஸ்கின் பின்புறத்துச் சிறு செருகியான ஜம்பரை ‘மாஸ்டர்’ நிலையில் வைத்துச் சுவிட்சைப் போட்டதும் காதைத்தான் தீட்டிக்கொள்ள வேண்டும். சீராகச் சுற்றும் சத்தம் வந்தால் மேலே போகலாம். ‘டக், டக்’ என்று திரும்பத் திரும்ப அடித்தால் உடனே அணைத்துவிட்டு, பணம் கொடுத்து நிபுணரிடம் தர மனமிருக்கிறதா என்று யோசிக்க வேண்டும். எனக்குச் சுற்றியது, இடையிடையே மட்டும் திணறல்.

டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் அறிக்கையில் நான் பார்ப்பது எண்ணிட்ட நாலே வரிகள். 5 என்பது ஏற்கெனவே ஒதுக்கிவைத்து மாற்று கொடுத்த செக்டார்கள் (டிஸ்கின் சிறு பகுதிகள்). 197, படிக்க முடியாமல் நிலுவையில் இருப்பவை. 198, சரிசெய்யவே முடியாதவை. 199 ஏறினால் பெரும்பாலும் டிஸ்க்கில் பழுது இருக்காது, கேபிளைப் பார்க்க வேண்டும். இதில் 5 கொஞ்சம்தான், 197 நூற்றுக்கு மேல். டிஸ்க் இறங்குமுகத்தில் இருக்கிறது, அவ்வளவுதான் இதன் பொருள். எல்லா அடாப்டரும் இந்த அறிக்கையைக் கடத்தாது என்பதையும் நினைவில் வைக்கவும்.

இந்த இடத்தில் விண்டோஸில் செருகினால் “பிழை இருக்கிறது, சரிபார்க்கட்டுமா?” என்று கேட்கும். வேண்டாம். அது டிஸ்கின்மேல் எழுதும். எரிகிற வீட்டில் ஒட்டடை அடிக்கிற வேலை அது. நான் லினக்ஸில், டிஸ்க் தானாக மவுண்ட் ஆவதை (கணினி அதைத் திறந்துகொள்வதை) நிறுத்திவிட்டு, பழுதான டிஸ்கிலிருந்து முடிந்ததை நகலெடுக்கும் ஜிஎன்யூ டிடிரெஸ்க்யூ மென்பொருளில் தொடங்கினேன். வேறு டிஸ்கில் ஒரு இமேஜ் கோப்பு (முழு டிஸ்கின் அப்படியே நகல்), கூடவே ஒரு மேப் கோப்பு. முதல் ஓட்டத்தில் எளிதாகப் படிக்க முடிகிறதை வாரிக்கொண்டு, கடினமான இடங்களைத் தாண்டிப் போகச் சொல்லலாம். எது வந்தது, எது பாக்கி என்பதை மேப் கோப்பு குறித்துக்கொள்வதால் எப்போது வேண்டுமானாலும் நிறுத்தி, டிஸ்கை ஆறவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். மேசை மின்விசிறி பக்கத்தில் ஓடிக்கொண்டே இருந்தது. இரண்டாம் ஓட்டத்தில்தான் பாக்கிப் பகுதிகளைச் செக்டார் செக்டாராகச் சுரண்டச் சொன்னேன். அதன் பிறகு மறுமுயற்சி. பின்னிருந்து முன்னாகப் படிக்கும் வழியும் அதில் உண்டு, எனக்கு அதில் இன்னும் கொஞ்சம் மீண்டது. கடைசியில் வராமல் போனது நானூறு கேபிக்கும் குறைவு.

அந்த நானூறு கேபி எந்தக் கோப்புகளில் விழுந்தது? இமேஜை இன்னொரு நகல் எடுத்து, படிக்காத இடங்களில் மட்டும் ஓர் அடையாளச் சொல்லை நிரப்பச் செய்தேன் (டிடிரெஸ்க்யூவிலேயே அதற்கு வசதி இருக்கிறது), பிறகு அந்தச் சொல் எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடினேன். பெரும்பகுதி விண்டோஸ் 98 தற்காலிகமாகப் பயன்படுத்தும் ஸ்வாப் கோப்பில். யாருக்கும் நட்டமில்லை. இரண்டு நாடகங்களில் மட்டும் ஓட்டை.

வேலை முடிந்ததென்றுதான் நினைப்போம். கோப்பைத் திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளில் குறியும் புள்ளியுமாக ஒரு குப்பை. எல்லா மொழிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடு விண்டோஸ் 98இல் தமிழுக்குக் கிடையாது. விண்டோஸ் 2000இல்தான் வந்தது. அதுவரை எழுத்துருவுக்கு ஒரு குறியீடு, அதாவது எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்ற அட்டவணை. இங்கே நா. கோவிந்தசாமியின் கணியன், மலேசியாவிலிருந்து முத்து நெடுமாறனின் முரசு அஞ்சல், பிறகு திஸ்கி, தாப், தாம் என்ற குறியீடுகள். இதையெல்லாம் ஒழுங்குக்குக் கொண்டுவரப் பேசிய தமிழ்நெட் மாநாடு 1997இல் நம் ஊரில்தான் நடந்தது.

மாமாவின் கோப்புகளில் பாதிக்குமேல் திஸ்கி. லினக்ஸின் ஐகான்வ் என்ற மாற்றி திஸ்கியை நேரடியாக யூனிகோடாக்கும். ஆனால் இவை வேர்டு கோப்புகள், அதில் ஒரு கண்ணி இருக்கிறது. லிப்ரே ஆபீஸில் திறந்து வெறும் உரையாகச் சேமிக்கும்போது விண்டோஸ்–1252 என்ற குறியீட்டைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அப்போதுதான் பழைய பைட்டுகள் அப்படியே கைக்கு வரும். ஐஎஸ்ஓ 8859–1 கொடுத்தால் 128 முதல் 159 வரையிலான இடங்கள் சிதறும். திஸ்கியில் ஜ, ஷ, ஸ, ஹ எல்லாம் குடியிருப்பது அங்கேதான். ராஜாவும் லக்ஷ்மியும் இல்லாத நாடகம் எப்படி இருக்கும்! இன்னொன்று, திஸ்கியில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரியும் வரிசையில் கொம்பு, க, கால் என்று கிடக்கும். யூனிகோடில் க முதலில். மாற்றி இந்த வரிசையையும் திருப்பிப் போடுகிறதா என்று ஒரு பக்கமாவது வாசித்துப் பார்க்க வேண்டும். பொங்குதமிழ், என்எச்எம் மாற்றிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தேன், நன்றாகவே செய்கின்றன.

மீதிக் கோப்புகளின் எழுத்துரு நான் பார்த்த எந்த மாற்றியின் பட்டியலிலும் இல்லை. முழு டிஸ்கையும் இமேஜ் எடுத்ததன் பலன் இங்கேதான் கிடைத்தது. “டாக்குமெண்ட்ஸ் ஃபோல்டரை மட்டும் காப்பி பண்ணு, போதும்” என்றுதான் எல்லாரும் சொல்வார்கள், நண்பர்களும் சொன்னார்கள். ஆனால் அந்த எழுத்துருக் கோப்பு கிடந்தது விண்டோஸ் ஃபோல்டருக்குள். அதை எடுத்து இன்றைய கணினியில் நிறுவியதும் வசனங்கள் அப்படியே திரையில் வந்துவிட்டன. உடனே பிடிஎஃப் ஆக்கி, அச்சடித்து மாமாவிடம் கொடுத்தாயிற்று. தேடக்கூடிய யூனிகோடாக்க, எழுத்துருவை ஃபாண்ட்ஃபோர்ஜ் என்ற எழுத்துருத் திருத்தியில் திறந்து எந்த எண்ணில் எந்த எழுத்து என்று அட்டவணை போட்டுக்கொண்டிருக்கிறேன். உயிர்மெய் உகரங்கள்தான் பாடாய்ப் படுத்துகின்றன.

மற்ற இரண்டு: மைத்துனரின் டிஸ்கில் யூஎஸ்பி துளை போர்டிலேயே பற்றவைத்திருப்பதால் வேறு வழியாக எளிதில் படிக்க முடியாது, அப்படியே இமேஜ் எடுத்ததில் படங்கள் வந்துவிட்டன. நாஸ் டிஸ்கில் 199 மட்டும் ஏறிக்கொண்டிருந்தது, சாட்டா கேபிளை மாற்றியதும் நின்றது.

இமேஜ்கள் இப்போது இரண்டு டிஸ்குகளில், ஒன்று கேமராக்காரர்கள் வைத்திருக்கும் ஈரப்பதம் குறைக்கும் அலமாரியில், மற்றது ஈசூனில் மைத்துனர் வீட்டில். கூடவே ஷா–256 கூட்டுத்தொகை (கோப்பு மாறாமல் இருக்கிறதா என்று சோதிக்கும் எண்). சில மாதங்களுக்கு ஒருமுறை டிஸ்கைச் சுற்றவிட்டு அது பொருந்துகிறதா என்று பார்ப்பதாகத் திட்டம். சுற்றும் தட்டில்லாத எஸ்எஸ்டியை வருடக்கணக்கில் மின்சாரமில்லாமல் மூடிவைப்பதில் எனக்கு நம்பிக்கையில்லை.

ஓட்டை விழுந்த இரண்டு நாடகங்களையும் மாமா வாசித்துவிட்டார். “அந்தக் காட்சி போனதே நல்லதுதான் மாப்பிள்ளை, அப்பவே சரியா வரல. நான் புதுசா எழுதிடறேன்” என்கிறார். எழுதட்டும். தனிக் கோப்பில் எழுதச் சொல்லியிருக்கிறேன்.