உப்புத்தாளை எடுக்கும் முன்

தாத்தா காலத்துத் தேக்கு, ஈட்டி மரச் சாமான்கள் வீட்டில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உப்புத்தாளைக் கையில் எடுக்கும் முன் கொஞ்சம் பொறுங்கள்.

முதலில் மேலே இருப்பது என்ன பாலிஷ் என்று பாருங்கள். அடிப்பக்கம், மறைவான இடத்தில், ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் லேசாகத் தேயுங்கள். பிசுபிசுவென்று இளகினால் அரக்கு பாலிஷ். அப்படியானால் சுரண்டவே வேண்டாம். அழுக்கைத் துடைத்துவிட்டு அதன் மேலேயே அரக்கு ஏற்றலாம், புதியது பழையதோடு கரைந்து ஒன்றாகிவிடும். மங்கிக் கிடந்த எங்கள் ஈசிச்சேர் கையில் ரேகை மறுபடி தெரிந்தபோது எனக்கு அவ்வளவு சந்தோஷம்! மெழுகு போடுவது, திருகாணி முடுக்குவது எல்லாம் நாமே செய்யலாம்.

மூட்டு ஆடினால் மட்டும் ஆசாரியைக் கூப்பிடுங்கள். அந்தக் காலத்தில் பெரும்பாலும் வச்சிரத்தில்தான், அதாவது விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசையில்தான் ஒட்டினார்கள். சூடும் ஈரமும் பட்டால் அது இளகும், மூட்டைச் சேதமில்லாமல் பிரித்து ஒட்டலாம். அதன் மேலேயே ஃபெவிகாலை ஊற்றினால் சரியாகப் பிடிக்காது, அடுத்து பிரிப்பவருக்கும் பெரும்பாடு. ஆணி அடித்தால் மரமே பிளந்துவிடும். வெனீர் (மெல்லிய மரத்தகடு) ஒட்டிய பலகை, அறுந்த பிரம்புப் பின்னல் இவையும் கைதேர்ந்தவர் வேலைதான். கூலியில் பேரம் பேசாதீர்கள்.

அப்புறம், பார்த்ததுமே "மெஷின் போட்டு இழைத்துப் புதுசாக்கிடலாம்" என்பவரிடம் கொடுக்க வேண்டாம். நாற்காலியைக் கவிழ்த்து மூட்டைத் தடவிப் பார்ப்பவரிடம் கொடுங்கள்.