ஆனவண்டி மோடும் பதிப்புரிமையும்

எங்கள் செங்கோட்டைப் பக்கத்துக் கல்லூரித் தம்பிகள் சிலர், பஸ் சிமுலேட்டர் இந்தோனேசியா என்ற பேருந்து ஓட்டும் விளையாட்டில் நம் அரசுப் பேருந்தையும், ஆனவண்டி என்று செல்லமாக அழைக்கப்படும் கேரள அரசுப் பேருந்தையும் ஓட்டும்படி மோட் (விளையாட்டில் ரசிகர்கள் செய்து சேர்க்கும் மாற்றம்) செய்து இலவசமாகப் பகிர்கிறார்கள். 2017-இல் வெளிவந்த அந்த விளையாட்டே வெளியார் வடிவமைத்த வண்டிகளுக்கு இடம் தருவதால், அந்தப் பக்கம் சிக்கல் குறைவு. ஆனால் வேறொரு விளையாட்டிலிருந்து முப்பரிமாண மாதிரியையோ இன்ஜின் ஒலியையோ உருவி இதில் பொருத்தினால், காசு வாங்கவில்லை என்ற ஒரே காரணத்தால் அது சட்டப்படி சரியாகிவிடாது. நம் 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் கணினி நிரலை இலக்கியப் படைப்பாகவே கொண்டு, அதைத் தழுவி மாற்றியமைக்கும் உரிமையையும் உரிமையாளருக்கே அளிக்கிறது.

விற்கத் தொடங்கினால் நிலைமை இன்னும் மோசம். டியூக் நியூகெம் 3டி விளையாட்டுக்கு ரசிகர்கள் உருவாக்கிய புதிய ஆட்ட நிலைகளை (லெவல்) திரட்டி ஒரு நிறுவனம் குறுந்தகடாக விற்றபோது, அந்தக் கோப்புகளில் மூல விளையாட்டின் படங்களே இல்லாத நிலையிலும், அவை அதன் கதைத் தொடர்ச்சிகளே எனக் கருதி 1998-இல் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் உரிமையாளர் பக்கம் நின்றது. ஹாஃப்-லைஃப் விளையாட்டின் மோடாகப் பிறந்த கவுண்டர்-ஸ்ட்ரைக்கை, ஹாஃப்-லைஃபை உருவாக்கிய வால்வ் நிறுவனமே வாங்கி 2000-இல் தனி விளையாட்டாக வெளியிட்டது உண்மைதான். அந்த யோகம் எல்லாருக்கும் வாய்ப்பதில்லை.

தம்பிகள் மாதிரியைத் தாங்களே வரையட்டும். புளியரை இறக்கத்தில் கேட்கும் ஏர்பிரேக் ஒலியையும் தங்கள் கைப்பேசியிலேயே பதிவுசெய்துகொள்ளட்டும்.