சித்தப்பாவின் முகம்

“சித்தப்பா முகமும்தானே அக்கா தெரியல. அதை ஏன் நீங்க சுழிக்கல?”

ஓவியர் கேட்டது இவ்வளவுதான். கோபமாகக் கேட்கவில்லை. அச்சாகி வந்த எங்கள் படக்கதைப் புத்தகத்தை என் மேசையில் விரித்து, மெஷின் புரூஃபில், அதாவது முழு அச்சுக்கு முன் சரிபார்க்க எடுக்கும் மாதிரித் தாள்களில், நான் சிவப்புப் பேனாவால் திருத்தச் சொல்லிச் சுழித்திருந்தவற்றைப் பக்கத்தில் வைத்து, சந்தேகம் கேட்பதுபோலத்தான் கேட்டாள். “அது ராத்திரி சீன்ம்மா” என்றேன். “சரிக்கா” என்று சொல்லிவிட்டுத் தாள்களை அடுக்கினாள். அதோடு பேச்சு முடிந்துவிட்டது. எனக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.

அச்சு வேலை தெரிந்தவர்களுக்கு நடந்தது உடனே புரியும். திரையில் தெரியும் கறுப்பு நிறம் தாளில் அப்படியே வராது. வெளுத்த தோலுக்கு மஞ்சள் மையும் மெஜந்தா என்கிற இளஞ்சிவப்பு மையும் கொஞ்சம் விழுந்தால் போதும். கறுத்த தோலுக்கு சயான் என்கிற நீல மையும் கறுப்பும் சேர வேண்டும். ஒவ்வொரு மையும் நூறு சதவீதம் வரை போகும், நான்கும் முழுசாக விழுந்தால் 400 சதவீதம். வழவழப்பான ஆர்ட் பேப்பர் 300 வரை தாங்கும். எங்கள் புத்தகம் மேப்லித்தோ, பூச்சு இல்லாத சாதாரணத் தாள். அதில் 240, 260-ஐத் தாண்டினால் தாள் மையைக் குடித்துவிடும். புள்ளிகள் பெருத்து ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். டாட் கெயின் என்போம். புருவம் எது, கண் எது, நெற்றி எது என்று தெரியாமல் முகம் ஒரே திட்டாகிவிடும். ஆர்ட் பேப்பரில் போட்டிருக்கலாமே என்றால், விலை ஏறும். எண்ணூர்ப் பக்கத்துப் பெண்ணைப் பற்றிய புத்தகத்தை எண்ணூர்ப் பக்கத்துப் பிள்ளைகள் வாங்க முடியாத விலைக்கு விற்பதில் எங்கள் யாருக்கும் சம்மதமில்லை.

2023 டிசம்பர் வெள்ளத்தோடு எண்ணூர் கழிமுகத்தில் எண்ணெய் பரவியதே, அதற்குப் பிறகு நடக்கிற கதை. படகோட்டத் தெரிந்த பதினான்கு வயதுப் பெண்தான் நாயகி. கழிமுகத்தைத் தூர்க்கிற ஒப்பந்தக்காரரிடம் அவளுடைய சித்தப்பா வேலை பார்க்கிறார். அவர் கெட்டவர் இல்லை, கடன் இருக்கிறது. குப்பத்துக்காரர்களை மிரட்ட அவரைத்தான் அனுப்புகிறார்கள். கதையின் முக்கால்வாசியில், இருட்டில், படகுத்துறையில், அண்ணன் மகளையே மிரட்ட வேண்டிய நிலை அவருக்கு வருகிறது. ஓவியர் நாயகிக்கும் சித்தப்பாவுக்கும் ஒரே நிறம்தான் வைத்திருந்தாள். சும்மா ஏறக்குறைய அல்ல, கணினியில் ஒரே கலவை, ஒரே எண்கள். வேண்டுமென்றே செய்தது அது. இரண்டு பேரும் ஒரே வீட்டு ரத்தம் என்பதை வசனம் இல்லாமல் சொல்ல அவள் கண்டுபிடித்த வழி.

புரூஃப் வந்தபோது நாயகியின் முகம் பல பக்கங்களில் தெரியவில்லை. தன் அப்பாவுக்கு விஷயம் முன்பே தெரியும் என்று அவள் புரிந்துகொள்ளும் கட்டம் ஒன்று உண்டு. அதில் வசனம் கிடையாது, முகம்தான் எல்லாமே. அந்த முகம் திட்டாக இருந்தது. பிரஸ்ஸில் மெஷினைப் பார்த்துக்கொள்பவர் நல்ல அனுபவசாலி. “கே-யைக் குறைச்சுக் குடுங்க மேடம், முகம் எந்திரிச்சு வந்துடும்” என்றார். கே என்றால் கறுப்பு மை. ஓவியருக்குப் போன் போட்டேன். அவளும், “முகம் தெரியணும்க்கா, குறைங்க” என்றாள். நாயகியின் முகம் வரும் இடங்களைச் சுழித்துக் கொடுத்தேன். அங்கெல்லாம் கறுப்பு மையை 30 சதவீதத்திலிருந்து 12-க்கு இறக்கினார்கள். அன்று சாயங்காலமே பிளேட் போட்டாக வேண்டும். நந்தனம் புத்தகக் காட்சிக்கு நாள் நெருங்கிவிட்டது. முகம் எந்திரித்து வந்தது. நன்றாகவே வந்தது.

சித்தப்பாவின் முகம் இருந்தபடியே அச்சானது.

ஆக, ஒரே நிறத்தில் வரையப்பட்ட இரண்டு பேர் புத்தகத்தில் இரண்டு நிறமாகிவிட்டார்கள். நல்லவள் மாநிறம், மிரட்டுகிறவர் கறுப்பு.

இதை எழுதும்போதுகூட என் பதில் தவறு என்று என்னால் சொல்ல முடியவில்லை. அது இரவுக் காட்சிதான். இரவில் ஒரு ஆள் இருட்டாகத் தெரிவது ஓவிய முறைப்படி சரி. பயம் வர வேண்டிய இடத்தில் முகம் மறைவதும் சரி. புரூஃப் பார்ப்பவர் கதை நகர்வதற்கு எந்த முகம் தெரிய வேண்டுமோ அதைத்தான் முதலில் தேடுவார். நேரம் இருப்பதே அவ்வளவுதான். ஆனால் இந்த நியாயத்தை எத்தனை முறை சொல்லிப் பார்த்தாலும் ஓர் இடத்தில் தட்டுகிறது. அதே படகுத்துறைக் காட்சியில் நாயகியும் இருக்கிறாள். அவளுக்கும் அதே ராத்திரிதான். அவள் முகத்தைச் சுழித்திருக்கிறேன்.

நானும் கறுப்புத்தான். “கறுப்பா இருந்தாலும் களையா இருக்கா” என்பதைப் பாராட்டாக வாங்கிக்கொண்டு வளர்ந்தவள். இந்த வேலைக்கு வந்த காரணங்களில் அதுவும் ஒன்று. சின்ன வயதில் கையில் கிடைத்த படக்கதைகளில் என்னைப்போல ஒருத்தி இருந்ததாக நினைவில்லை. 1972-ல் சிவகாசியிலிருந்து இரும்புக்கை மாயாவியோடு தொடங்கிய முத்து காமிக்ஸை எங்கள் வீட்டில் மாமாக்கள் சேர்த்து வைத்திருந்தார்கள். மாயாவி ஆங்கிலேயர், அவர் ஊர் அப்படி. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. உள்பக்கங்கள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை. இப்போது யோசித்தால் வேறொன்று தோன்றுகிறது. கோட்டோவியத்தில் எதுவும் போடாமல் விட்டால் தாளின் வெள்ளையே தோலின் நிறம் ஆகிவிடுகிறது. ஒருவரைக் கறுப்பாகக் காட்ட வேண்டுமென்றால்தான் ஓவியர் உட்கார்ந்து கோடு கோடாக இழுக்க வேண்டும். வெளுப்பு தானாக வருகிறது, கறுப்புக்கு உழைக்க வேண்டியிருக்கிறது.

1967-ல் தொடங்கிய அமர் சித்திர கதா வண்ணத்தில் வந்தது. அதில் தாள் காரணம் இல்லை. யாருக்கு எந்த நிறம் என்று ஒருவர் உட்கார்ந்து முடிவு செய்தார். அரசகுமாரிகள் வெளுப்பு. அசுரர்கள் கறுப்பு, பழுப்பு. ஆய்வாளர்கள் இதை விரிவாக எழுதியிருக்கிறார்கள், நானும் கூட்டங்களில் இதைச் சொல்லிப் பேசியிருக்கிறேன். கைதட்டும் கிடைத்திருக்கிறது. அந்த நான்தான் ஓர் அசுரனை உண்டாக்கிவிட்டேனா? இல்லை என்றுதான் நினைக்கிறேன். அவர்கள் நிறத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். நான் ஒரு முகத்தைக் காப்பாற்றினேன். இரண்டும் ஒன்றல்ல. ஆனால் புத்தகத்தைத் திறக்கும் பிள்ளைக்கு மெஷின் புரூஃப் தெரியாது, கே 30, கே 12 தெரியாது. அதன் கண்ணில் படுவது இரண்டு நிறங்கள்தான்.

அச்சுக்காக நாயகனின் நிறமே மாறியது படக்கதை உலகத்துக்குப் புதிதில்லை. 1962-ல் அமெரிக்காவில் ஹல்க் முதல் இதழில் சாம்பல் நிறமாகத்தான் வந்தார். சாம்பல் சீராக அச்சாகவில்லை, பக்கத்துக்குப் பக்கம் வேறு வேறாகத் தெரிந்தது. அடுத்த இதழில் பச்சையாக்கிவிட்டார்கள். இதைச் சொல்லி ஒரு நண்பர் என்னைச் சமாதானப்படுத்தப் பார்த்தார். ஹல்க்குக்கு உலகத்தில் சொந்தக்காரர்கள் கிடையாது. சாம்பலோ பச்சையோ, பள்ளிக்கூடத்தில் யாரையும் அந்த நிறத்தைச் சொல்லிக் கூப்பிட மாட்டார்கள்.

பிரதிநிதித்துவம் என்ற பேச்சு வரும்போதெல்லாம் நாங்கள் எண்ணிக்கையைத்தான் எடுக்கிறோம். அது தேவையும்கூட. 1965-ல் நான்சி லாரிக் என்ற அமெரிக்கர், மூன்று ஆண்டுகளில் வந்த 5,206 சிறுவர் நூல்களை எடுத்துப் பார்த்து, கறுப்பின மனிதர் ஒருவராவது இருந்தவை 6.7 சதவீதம்தான் என்று எழுதினார். அந்த எண் இல்லாவிட்டால் அந்தப் பேச்சே எழுந்திருக்காது. 1985-ல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் சிறுவர் நூல் மையம் ஆண்டுதோறும் எண்ணத் தொடங்கியது. அந்த ஆண்டு வந்த ஏறக்குறைய 2,500 புத்தகங்களில் கறுப்பினத்தவர் எழுதியதோ வரைந்ததோ 18 மட்டுமே. தமிழில் இப்படி யாராவது வருடா வருடம் உட்கார்ந்து எண்ண வேண்டும் என்று நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன், இன்னும் கேட்பேன். கடற்கரைக் குப்பம், சென்னையின் மறுகுடியமர்வுப் பகுதிகளான கண்ணகி நகர், பெரும்பாக்கம், மலையூர்கள் என்று எந்த ஊர்ப் பிள்ளைகள் எத்தனை கதையில் நாயகராக வருகிறார்கள் என்பது நமக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஆனால் அந்தக் கணக்கில் எங்கள் புத்தகம் முதல் வரிசையில் தேறிவிடும். மீனவப் பெண், கறுத்த பெண், வடசென்னை, வரைந்தவளும் திருவொற்றியூர்க்காரி. எல்லாக் கட்டத்திலும் டிக் போடலாம். சித்தப்பாவை எந்தக் கட்டத்தில் எண்ணுவது? வடசென்னை என்றாலே அரிவாளும் லுங்கியுமாக ஓர் ஆளைக் கொண்டுவந்து நிறுத்தும் பழக்கத்துக்கு எதிராகத்தான் ஓவியர் அவரை வரைந்தாள். இருட்டில் மிரட்டும்போதும் அவர் கண்ணில் வெட்கம் இருக்கும். கணினியில் இப்போதும் திறந்து பார்க்கலாம், இருக்கிறது. அச்சில் இல்லை. மிச்சம் இருப்பது லுங்கி கட்டிய ஒரு கறுத்த உருவம்.

புத்தகக் காட்சிக்குப் பிறகு ஒரு பள்ளியில் வாசிப்பு வகுப்புக்குப் போயிருந்தோம். ஒன்பதாம் வகுப்பு. ஒரு பையன் எழுந்து, “மிஸ், இவரு அவளோட சொந்தச் சித்தப்பாவா?” என்றான். ஆமாம் என்றேன். “பாத்தா அப்படித் தெரியலியே” என்றான். பக்கத்திலிருந்த பெண் சட்டென்று, “அம்மாவோட தங்கச்சி வீட்டுக்காரரா இருப்பாருடா” என்று தீர்த்துவைத்தாள். வகுப்பே ஏற்றுக்கொண்டது. சித்தியின் கணவரும் சித்தப்பாதானே. அவர்கள் கண்ணுக்குக் கதையில் ஓட்டை எதுவும் இல்லை. ரத்தச் சொந்தத்தை எடுத்துவிட்டு ஒரு கல்யாண உறவைப் போட்டு அடைத்துக்கொண்டார்கள். இதை நான் ஓவியரிடம் சொல்லவில்லை. ஒரு வகுப்பில் ஒரு பையன் கேட்டதை வைத்து என்ன முடிவுக்கு வர முடியும்? மீசைதான் காரணமோ என்னவோ. நாயகி அம்மா ஜாடை என்று நினைத்திருக்கலாம்.

வேறு வழி இருந்ததா என்றும் யோசித்துப் பார்த்துவிட்டேன். இருந்தது. பின்னணியை வெளுத்திருக்கலாம். படகுத்துறை விளக்கின் மஞ்சளைக் கன்னத்தில் ஒரு கீற்றாக விழவிட்டிருக்கலாம். சயானைக் குறைத்து மெஜந்தாவைக் கூட்டினால் கறுப்பு செம்மை கலந்து உயிரோடு நிற்கும், சாம்பல் பூத்துப் போகாது. தோல் அப்படியே இருக்க, கண்ணின் வெள்ளையை மட்டும் தூக்கியிருக்கலாம். எல்லாமே ஓவியர் கையில்தான் நடக்க வேண்டிய வேலைகள், ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக. ஒரு சாயங்காலத்தில் ஆகாது. புத்தகக் காட்சியை விட்டிருக்கலாமே என்று கேட்பவர்கள் சின்னப் பதிப்பகத்தின் வருடக் கணக்கைப் பார்த்ததில்லை. எங்கள் விற்பனையில் பெரும்பங்கு அந்தச் சில நாள்களில்தான் நடக்கிறது. அதை விட்டால் அடுத்து இப்படி ஒரு புத்தகம் போடவே முடியாது. இதை நான் முழு மனதோடு நம்புகிறேன்.

ஆனாலும் அவள் கேட்டது அச்சைப் பற்றி இல்லை என்று பிறகுதான் பட்டது. ஏன் மாற்றினீர்கள் என்று அவள் கேட்கவில்லை. மாற்றச் சொன்னவளே அவள்தான். ஒரு முகம் தெரியாமல் போனது உங்கள் கண்ணை உறுத்தியது, இன்னொரு முகம் தெரியாமல் போனது உறுத்தவில்லையே என்றுதான் கேட்டாள். புரூஃபில் இரண்டும் ஒரே மாதிரித் திட்டாகத்தான் இருந்தன. நாயகியைப் பார்த்தபோது இது பிழை என்று கை தானாகப் பேனாவை எடுத்தது. சித்தப்பாவைப் பார்த்தபோது சரியாக இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டியது. அது கதையறிவா, வேறெதுவுமா? இருபது வருடம் கதை படித்த கண், எந்த ஆள் எப்படித் தெரிவான் என்று முன்பே முடிவு செய்து வைத்திருக்கிறதா? கதையறிவுதான் என்று காலையில் தோன்றும். ராத்திரியில் அவ்வளவு உறுதியாகத் தோன்றுவதில்லை.

இப்போது அடுத்த புத்தகம் தயாராகிறது. அதே ஓவியர்தான் வரைகிறாள். அந்தப் பேச்சை அவள் திரும்ப எடுக்கவேயில்லை. முழுப் புத்தகத்துக்கும் இரண்டாவது மெஷின் புரூஃப் வேண்டும் என்று முதலாளியிடம் கேட்டேன். செலவைப் போட்டுப் பார்த்துவிட்டு, “ஒரு ஃபார்ம் மட்டும் எடுத்துக்கோங்க, அதுக்கு மேல முடியாது” என்றார். அதுவே பெரிய விஷயம், நன்றி சொல்லிவிட்டு வந்தேன். ஒரு ஃபார்ம் என்றால் 16 பக்கம். எந்த 16 பக்கம் என்று நான்தான் சொல்ல வேண்டும். நாயகன் வரும் பக்கங்களைக் கொடுத்தால் முகம் நிச்சயம் தெளிவாக வரும், புத்தகம் பிழைத்துக்கொள்ளும். ஊர்க்காரர்கள் கூடி நிற்கும் பக்கங்களைக் கொடுத்தால் நாயகன் திட்டாகிவிடும் ஆபத்து இருக்கிறது. ஓவியரையே தேர்ந்தெடுக்கச் சொல்லலாம் என்று நினைத்தேன். அப்புறம், என் வேலையை அவள் தலையில் கட்டுவதாகாதா என்றும் தோன்றுகிறது. வெள்ளிக்கிழமைக்குள் பிரஸ்ஸுக்குச் சொல்லியாக வேண்டும்.