ஹார்மோன் சிகிச்சையில் நான் கடந்து வந்த பரிசோதனைகளும் பக்க விளைவுகளும்

உடலில் பெண்மைக்குரிய மாற்றங்கள் வேண்டித் திருநங்கையரில் பலர் மருத்துவரைப் பார்க்கும் முன்பே மருந்துக்கடையில் கருத்தடை மாத்திரை வாங்கி விழுங்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது எத்தினைல் எஸ்ட்ரடையால் என்ற செயற்கைப் பெண் ஹார்மோன். இரத்தத்தை உறையவைக்கும் புரதங்களைக் கல்லீரலில் அது பெருக்குவதால், காலில் உறைகட்டி தோன்றி நுரையீரலை அடைக்கும் ஆபத்து அதிகம். எங்கள் ஜமாத்தில், அதாவது திருநங்கையர் குழுவில், மூத்த அக்கா ஒருவருக்கு ஒரு கெண்டைக்கால் மட்டும் வீங்கிச் சூடேறி, மருத்துவமனையில் சேர்க்க வேண்டியதாயிற்று. உடனிருந்து பார்த்தவள் என்பதால், நான் நேராக நாளமில்லாச் சுரப்பி மருத்துவரிடமே சென்றேன்.

முதல் நாள் அவர் மருந்து எதுவும் எழுதித் தரவில்லை. குடும்பத்தில் எவருக்கேனும் இரத்த உறைவோ பக்கவாதமோ மார்பகப் புற்றுநோயோ வந்ததுண்டா, புகைப்பழக்கம் உண்டா என்று விசாரித்து, கல்லீரல், சிறுநீரகம், கொழுப்பு, சர்க்கரை, புரோலாக்டின் (பால் சுரக்கவைக்கும் ஹார்மோன்) பரிசோதனைகளுக்கு எழுதினார். விந்தணு உற்பத்தி குன்றினால் மருந்தை நிறுத்திய பிறகும் மீளாமல் போகலாம், பிள்ளை வேண்டுமென்றால் இப்போதே விந்தணுவைச் சேமித்து வைக்க வேண்டும் என்றும், வளர்ந்த மார்பகம் மருந்தை விட்டாலும் மறையாது என்றும் விளக்கினார். யோசிக்க அவகாசமும் கொடுத்தார். அது ஒவ்வொருவருக்கும் கிடைக்க வேண்டும்.

எனக்குத் தோலில் தடவும் எஸ்ட்ரடையால் என்ற பெண் ஹார்மோன் ஜெல்லும், ஆண் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோனைத் தடுக்க ஸ்பைரோனோலாக்டோன் மாத்திரையும் கொடுத்தார். ஜெல் விலை கூடுதல்தான். ஆனால் மாத்திரையைப் போல் முதலில் கல்லீரல் வழியாகச் செல்லாததால் உறைவு ஆபத்து குறைவு. தொடையில் தடவி நன்றாகக் காய்ந்த பிறகே புடவை கட்டுவேன். கையைச் சோப்புப் போட்டுக் கழுவாமல் குழந்தைகளைத் தூக்குவதில்லை, ஏனென்றால் மருந்து அவர்கள் தோலிலும் ஏறிவிடும்.

மார்புக் காம்புக்கடியில் கட்டி போல் திரண்டு, சட்டை உரசினாலே வலித்தது. அடிக்கடி சிறுநீர் கழிந்தது. சட்டென எழுந்தால் தலை சுற்றியது. இவை மெல்லப் பழகிவிட்டன. ஆனால் ஒரு பரிசோதனையில் பொட்டாசியம் உயர்ந்திருந்தது. அது மிகுந்தால் இதயத் துடிப்பே தடுமாறும் என்று சொல்லி, மருத்துவர் பொட்டாசியத்தை ஏற்றக்கூடிய ஸ்பைரோனோலாக்டோன் அளவைக் குறைத்ததோடு, பொட்டாசியம் நிறைந்ததென்று நான் வெயிலுக்காகத் தினமும் குடித்துவந்த இளநீரையும் நிறுத்தச் சொன்னார்.

முதல் ஆண்டில் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனைக்கு இரத்தம் கொடுத்தேன். ஹார்மோன் மருத்துவத் துறையின் அமைப்பான எண்டோகிரைன் சொசைட்டியின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதல், இரத்தத்தில் எஸ்ட்ரடையால் மில்லிலிட்டருக்கு 100 முதல் 200 பிகோகிராம் வரை இருக்கலாம் என்கிறது. சீக்கிரம் மார்பு வளரட்டும் என்று ஹார்மோன் ஊசியை இரட்டித்துப் போட்டுக்கொள்ளும் தங்கைகளைக் காணும்போது எனக்குப் பதறுகிறது. அதனால் கூடுவது ஆபத்துதான்.

ஒரு காலில் மட்டும் வீக்கம், திடீர் மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, பேச்சுக் குழறல் ஆகியவற்றில் எது தோன்றினாலும் உடனே அவசரப் பிரிவுக்குச் செல்லுங்கள். அங்கே ஹார்மோன் எடுப்பதை முதல் வார்த்தையாகச் சொல்லிவிடுங்கள். மறைத்தால், இரத்த உறைவாக இருக்குமோ என்று மருத்துவர் சந்தேகிப்பதற்கே நேரமாகிவிடும்.