ஐந்து நாளில் வந்த சரளம், மூன்று மாதத்தில் போனது

சிங்கப்பூர் மருத்துவமனை ஒன்றில் திக்குவாய்க்கான தீவிரப் பயிற்சியில் சேர்வதற்கு நான் முதலில் தாண்ட வேண்டியிருந்தது ஒரு தொலைபேசி இயந்திரத்தை. முன்பதிவுக்கு அழைத்தபோது அடையாள அட்டை எண்ணைச் சொல்லும்படி பதிவுக்குரல் கேட்டது. என் எண் ‘எஸ்’ என்னும் எழுத்தில் தொடங்குகிறது. எனக்கு நாக்கு முடங்கும் ஒலிகளில் அதற்கே முதலிடம். நான் அதில் சிக்கி நின்றபோதெல்லாம் பதில் வரவில்லை என்று முடிவுசெய்து இணைப்பைத் துண்டித்தது. நான்காவது முறை அக்காவைப் பேச வைத்தேன்.

அடுத்தது கடிதம். அலுவலகத்துக்கு அருகிலுள்ள தனியார் மருத்துவரிடம் வாங்கிய பரிந்துரைக் கடிதத்தோடு போனால், முகப்பில் இருந்தவர் தனியார் நோயாளிக்குரிய கட்டணத்தைக் காட்டினார். மானியக் கட்டணம் வேண்டுமென்றால் அரசின் பலதுறை மருந்தகத்திலிருந்து கடிதம் வர வேண்டுமாம். முன்பதிவு செய்தபோதே இதைச் சொல்லியிருந்தால் எனக்கு அரைநாள் விடுப்பு மிஞ்சியிருக்கும். நீங்கள் பலதுறை மருந்தகத்திலிருந்தே தொடங்குங்கள்.

மதிப்பீட்டில் பெரிய சிக்கல் இல்லை: நூறு அசைகளுக்குப் பதினொன்றில் திக்கினேன்.

பயிற்சி ஐந்து நாள், காலை முதல் மாலை வரை. உயிரொலியை நீட்டி, மெய்யொலியை மெல்லத் தொட்டு, மூச்சை அறுக்காமல் பேச வேண்டும். 1960களில் அமெரிக்க உளவியலாளர் இஸ்ரேல் கோல்டயமண்ட், பேசுபவரின் குரலை அவர் காதிலேயே சற்றுத் தாமதமாக ஒலிக்கச் செய்து நடத்திய சோதனைகளிலிருந்து வளர்ந்த முறை இது. முதல் நாள் நிமிடத்துக்கு ஐம்பது அசைகள் மட்டும். மின்கலம் தீர்ந்த வானொலிப்பெட்டி போல இருந்தேன். வேகத்தைப் படிப்படியாகக் கூட்டி, நான்காம் நாள் முன்பின் தெரியாத கடைகளுக்குத் தொலைபேசியில் பேச வைத்தார்கள். ஐந்தாம் நாள் மாலை, நூறு அசைக்கு ஒன்றுகூடத் திக்கவில்லை.

ஆனால் இவை எல்லாம் ஆங்கிலத்தில். வீட்டுக்குப் போய்ப் பாட்டியிடம், பல் வலிக்கிறது என்று புதிய பாணியில் நீட்டிச் சொன்னேன். “பாலா? அடுப்புல இருக்கு, எடுத்துக்கய்யா” என்றார். குறிலை நீட்டினால் நெடிலாகிவிடும் மொழியில் இந்த முறையை எப்படிக் கையாள்வது என்பது தமிழ் அறியாத சிகிச்சையாளருக்குத் தோன்றியிருக்க நியாயமில்லை; கேட்காதது என் தவறு. பள்ளியில் படித்த கணக்குதான் கைகொடுத்தது: குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு என்ற விகிதம் கெடாமல் இரண்டையும் சேர்த்தே நீட்டினேன். மருத்துவமனை எழுதித் தராத மாத்திரை. அந்த வாரம் தேக்கா சந்தையில் “அரை கிலோ ஆட்டிறைச்சி, எலும்போடு” என்று தடையில்லாமல் கேட்டேன். கடைக்கார அண்ணன் ஒன்றையும் கவனிக்காமல் வெட்டிக் கொடுத்தார். அவர் கவனிக்காததுதான் எனக்கு வேண்டியிருந்தது.

பிறகு சறுக்கியது. தொடர்சந்திப்புகள் இரண்டும் என் ரிசர்விஸ்ட் பயிற்சி (தேசிய சேவையை முடித்தவர்களை மீண்டும் அழைக்கும் ராணுவப் பயிற்சி) நாள்களில் விழுந்தன. தேதியை மாற்றக் கேட்டபோது மூன்று மாதம் தள்ளிக் கொடுத்தார்கள். முகாமில் வரிசையில் நின்று எண் சொல்லும்போது மெதுவாகப் பேசும் துணிவு யாருக்கு வரும்? மீண்டும் அளந்தபோது நூறுக்கு ஆறு. சிகிச்சையாளர் வியப்படையவில்லை, தீவிரப் பயிற்சிக்குப் பின் திக்கல் திரும்புவது வழக்கமே என்றும், அதனால்தான் தொடர்சந்திப்புகளை வைத்திருக்கிறார்கள் என்றும் சொன்னார். இதை முதல் நாளே அழுத்திச் சொல்லியிருக்கலாம் என்ற மனத்தாங்கல் எனக்கு இன்னும் இருக்கிறது.

ஆகவே பயன் உண்டா என்று கேட்பவர்களுக்கு: உண்டு, பதினொன்று ஆறானதே எனக்குப் பெரிது. ஆனால் ஐந்து நாளுக்கு மட்டும் விடுப்பு வைத்திருப்பவர் சேராமலிருப்பது நல்லது. பள்ளி செல்லாத வயதுக் குழந்தைக்குத் திக்கல் என்றால் இந்தப் பாதையே வேறு. சிகிச்சையாளரின் வழிகாட்டலில் பெற்றோரே வீட்டில் நடத்தும் லிட்கம் முறையைப் பற்றிக் கேளுங்கள்.

என் அடுத்த நான்கு சந்திப்புகளுக்கும் இப்போதே விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டேன். முகாம் தேதிகளையும் முகப்பில் காட்டி, அவற்றைத் தவிர்த்தே நாள் குறிக்கச் சொன்னேன். அக்காவை அழைத்துப் போகவில்லை.