"அப்போ அதை அடக்கினா போதுமே"

டபிள்யூஎஃப்எஸ்1 மரபணுவின் இரண்டு பிரதிகளும் பழுதானால், கணையத்தில் இன்சுலின் செய்யும் பீட்டா செல்லில் அழுத்த எதிர்வினை (சரியாக மடியாத புரதம் சேரும்போது செல் காட்டும் எதிர்வினை) கூடுமா, குறையுமா? கலந்தாய்வில் மருத்துவர் கேட்டது இதுதான். "கூடும் சார்" என்று பதில் போனது. "அப்போ அதை அடக்கினா போதுமே" என்று குறித்துக்கொண்டு அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டார். அதற்கு யாரும் எதுவும் சொல்லவில்லை. அதுதான் உறுத்துகிறது.

சொன்ன பதில் தப்பில்லை. அந்த மரபணு உருவாக்கும் புரதம், செல்லுக்குள் புரதங்கள் மடியும் இடமான எண்டோபிளாச வலையின் சவ்வில் உட்கார்ந்துகொண்டு, ஏடிஎஃப்6 என்ற அழுத்த உணர்வியைச் சிதைப்புக்கு அனுப்புகிறது. அது இல்லாவிட்டால் ஏடிஎஃப்6 தேங்கி, தேவையில்லாத நேரத்திலும் எதிர்வினை ஓடிக்கொண்டிருக்கும். செல் கடைசியில் செத்துப்போகும். இந்த மரபணு பழுதால் வரும் வூல்ஃப்ராம் நோய்க்குறியில் சிறுவயதிலேயே சர்க்கரை நோயும், பின்னாலேயே பார்வை நரம்புச் சிதைவும் வருவதற்கு இது ஒரு விளக்கம்.

ஆனால் "அடக்கினா போதும்" என்பதற்கு எதிர்ச்சான்று பக்கத்திலேயே இருக்கிறது. இந்த எதிர்வினைக்கு ஏடிஎஃப்6, பெர்க், ஐஆர்இ1 என்று மூன்று கிளைகள். அழுத்தம் வந்ததும் பெர்க் நொதி, புரத உற்பத்தியைத் தொடங்கிவைக்கும் ஈஐஎஃப்2 ஆல்ஃபாவின் 51-வது செரினில் பாஸ்பேட்டை ஏற்றிப் புரத உற்பத்தியைத் தணிக்கும். பிறவியிலேயே பெர்க் இல்லாத குழந்தைக்கு வருவது வோல்காட்-ராலிசன் நோய்க்குறி: கைக்குழந்தைப் பருவத்தில் சர்க்கரை நோய், எலும்பு வளர்ச்சிக் கோளாறு, திரும்பத் திரும்ப கல்லீரல் செயலிழப்பு. அங்கே எதிர்வினை இல்லாததே நோய். இன்னொரு பக்கம், அகிடா எலியின் இன்சுலின் மரபணு ஒன்றில் 96-வது சிஸ்டீன் டைரோசினாக மாறியிருக்கும். ஒரு டைசல்ஃபைடு பிணைப்பு போய்விடுவதால் புரோஇன்சுலின் சரியாக மடியாது; ஒரு பிரதி கெட்டாலே சர்க்கரை நோய். அதே எலியில், செல்லைச் சாவுக்குத் தள்ளும் சாப் மரபணுவை நீக்கினால் நோய் தள்ளிப்போகிறது. ஆக, பெர்க்கை எடுத்தால் கேடு, அதற்குக் கீழே இருக்கும் சாப்பை எடுத்தால் நன்மை. எதை அடக்குவது?

கலந்தாய்வில் இதையெல்லாம் விரிக்க நேரமில்லை என்பது உண்மைதான். கேட்டது ஒரு மரபணுவைப் பற்றி, பதிலும் அதற்குத்தான். ஆனால் இது வெறும் நேரப் பிரச்சினை என்றும் சொல்லிவிட முடியவில்லை. அளக்கும் முறையே "கூடும், குறையும்" என்ற மொழியைப் பழக்கிவிடுகிறது. எக்ஸ்பிபி1 சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் வந்தால் ஐஆர்இ1 நொதி எக்ஸ்பிபி1 மரபணுவின் ஆர்என்ஏவிலிருந்து 26 நியூக்ளியோடைடுகளை வெட்டி எடுக்கும். பிசிஆர் செய்து பெருக்கி, நீளவாரியாகப் பிரிக்கும் 3% அகரோஸ் ஜெல்லில் ஓட்டினால் வெட்டியது கீழே, வெட்டாதது மேலே. அதற்கும் மேலே சில சமயம் மூன்றாவதாக ஒரு பட்டை நிற்கும். புதிதாக வருபவர்கள் அதைப் புது வடிவம் என்று எழுதிவிடுவார்கள். இரண்டு வடிவங்களின் இழைகளும் பிசிஆரின் கடைசிச் சுழற்சிகளில் ஒன்றோடொன்று ஒட்டிய கலப்புதான் அது. சுழற்சியைக் குறைத்தால் மங்கும்.

அதைவிடப் பெரிய வம்பு நேரம். ஒப்பீட்டுக்காக, வேண்டுமென்றே அழுத்தம் உண்டாக்கும் தாப்சிகார்ஜினை 1 மைக்ரோமோலார் கொடுத்து 4 முதல் 6 மணி நேரத்தில் எடுத்தால் வெட்டிய பட்டை பளிச்சென்று தெரியும். 24 மணி நேரம் விட்டால் ஐஆர்இ1 ஓய்ந்து பட்டை மங்கிவிடும். பெர்க் கிளையோ ஓயாது, சாப் உயர்ந்தே இருக்கும், செல்கள் செத்துக்கொண்டிருக்கும். ஜெல்லை மட்டும் பார்த்தவர் "அழுத்தம் குறைந்தது" என்பார். மூன்று கிளைகளையும் குறைந்தது இரண்டு நேரங்களில் பார்க்காமல் எழுதக்கூடாது என்பதில் மாற்றுக்கருத்தில்லை.

அப்படிப் பார்த்தாலும் எந்தச் செல்லில் பார்க்கிறோம்? நோயாளியின் பீட்டா செல்லைக் கிள்ளி எடுக்க வழியில்லை. தோலின் ஃபைப்ரோபிளாஸ்ட் செல் எளிதாகக் கிடைக்கும், ஆனால் இன்சுலின் செய்யும் சுமையே அதற்குக் கிடையாது. ஸ்டெம் செல்லிலிருந்து பீட்டா செல் வளர்க்கலாம். வாரக்கணக்கில் ஆகும், தொகுதிக்குத் தொகுதி முதிர்ச்சி மாறும், அந்த மாற்றமே சில சமயம் மரபணுவின் விளைவைவிடப் பெரிதாக இருக்கும். இவ்வளவுக்கும் பிறகு, அந்த மருத்துவர் மறுபடி கேட்டால் டபிள்யூஎஃப்எஸ்1-க்கு "கூடும்" என்றே பதில் வரும். அடக்கச் சொல்லலாமா என்றால், எந்தக் கிளையை, எந்தக் கட்டத்தில் என்று திருப்பிக் கேட்க வேண்டியிருக்கும். அந்தக் கேள்விக்கு அவரிடமும் பதில் இருக்காது.